மலைநடையில் ஈலாந்து எதிர்ப்பட்டால் எப்படிப் படம் எடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் போய் நடந்தபோது வளைவில் ஓர் ஈலாந்து மான் நின்றதாகவும், பையிலிருந்து கேமராவை எடுப்பதற்குள் ஓடிவிட்டதாகவும், கிடைத்த ஒரே படமும் கலங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கேமரா பைக்குள் இருக்கும்வரை இந்தக் கதைதான். கழுத்திலோ தோள்வாரிலோ தொங்கட்டும், லென்ஸ் மூடியைக் கழற்றிவிடுங்கள். நடக்கத் தொடங்கும்போதே ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி என்றும் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) ஆட்டோ என்றும் வைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் பரவாயில்லை. கலங்கிய படத்தைத் தேற்றுவது கடினம்.

பார்த்ததும் நின்ற இடத்திலேயே முதல் படத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் மெல்ல உட்காருங்கள். ஈலாந்து ஆப்பிரிக்க மான்களிலேயே மிகப் பெரியது. ஆண் 900 கிலோ வரைகூட இருக்கும். ஆனாலும் மகா கூச்சம். நேராக நெருங்கினால் ஓடிவிடும். தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அசையாதீர்கள், மறுபடி மேயத் தொடங்கட்டும். பெரிய ஆண் நடக்கும்போது முன்னங்காலிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வரும். புல் மறைத்தாலும் எந்தப் பக்கம் போகிறது என்று அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

கையில் போன் மட்டும்தானா? சரி, ஜூம் வேண்டாம். மலையையும் சேர்த்து அகலமாக எடுங்கள். இந்தப் பகுதியின் பழங்குடிகளான சான் மக்கள் இந்த மலைக்குகைகளில் ஈலாந்தைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அந்த நிலத்தோடு சேர்ந்த படம்தான் எனக்கு நெருக்க முகப்படத்தைவிடப் பிடிக்கும்.

இன்னொன்று: பஃப் ஆடர் என்ற நச்சுப் பாம்பு நடைபாதையிலேயே அசையாமல் கிடக்கும். உட்காரும் முன் காலடியைப் பாருங்கள்.