பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிக்காவிட்டால் பொறியியல் துறையில் மேலே வர முடியாதா?

முதல் வேலைக்குப் பெயர் உதவும். இல்லை என்பவர்களை நம்பாதீர்கள். விண்ணப்பங்கள் குவியும்போது கல்லூரிப் பெயரைப் பார்த்தே கழித்துவிடுகிறார்கள். என்னுடையதும் அப்படிப் பல இடங்களில் போயிருக்கிறது. நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், சுமாரான கல்லூரியில் இடம் கிடைத்து, யாரோ மனம் நோகப் பேசியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மெக்கானிக்கல். அதிகம் பேர் கேள்விப்படாத கல்லூரி. சேர்ந்த இடத்தில் டிசைன் பிரிவு பெரிய கல்லூரிக்காரர்களுக்கு; என்னைப் பராமரிப்பில் போட்டார்கள். அங்கே சூடான எண்ணெயை இறைக்கும் பம்பு ஒன்றில் பேரிங் போய்க்கொண்டே இருந்தது. மாற்றினால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி போகும். பேரிங்கின் தரம் சரியில்லை என்று டிசைன் பிரிவு எழுதிக் கொடுத்துவிட்டது.

நான் அதிர்வை அளந்து பார்த்தேன். சுழலும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் உச்சம்; ஷாஃப்டின் (சுழலும் தண்டின்) நீளவாக்கிலும் அதிர்வு அதிகம். அலைன்மென்ட் கோளாறு, அதாவது பம்பின் ஷாஃப்டும் அதை ஓட்டும் மோட்டாரின் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று சந்தேகிக்க இது போதும். ஆனால் அலைன்மென்ட் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி. தேதியையும் நேரத்தையும் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பம்பு ஆறிக் கிடந்தபோது எடுத்த அளவு அது. எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) நீளும். பம்பின் பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் வரை 0.4 மீட்டர், ஓடும்போது கூடும் வெப்பம் 70 டிகிரி. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.34 மில்லிமீட்டர் மேலே எழும்புகிறது. மோட்டார் அவ்வளவு சூடாவதில்லை. இரண்டுக்குமுள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப மோட்டாருக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய உலோகத் தகடுகளை வைத்தோம். பேரிங் தொல்லை நின்றது. அதற்குப் பிறகு சிக்கலான பழுது என்றால் என்னைக் கூப்பிட்டார்கள். என் கல்லூரிப் பேச்சே எழவில்லை.

மேலே போன அறிக்கையில் என் பெயர் இல்லை. ராத்திரி முழுக்க நின்று ஷிம் வெட்டிய ஃபிட்டர் பெயரும் இல்லை. பராமரிப்பு வேலையை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றும் ஆறாத கோபம். இயந்திரம் நின்றால் திட்டு. ஓடினால் யாருக்கும் ஞாபகம் வராது.

'உன் ஒருவன் கதை ஆதாரமா?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். ஒத்த திறமையுள்ள மாணவர்களில், கடும் போட்டியுள்ள கல்லூரியில் படித்தவர்களும் அப்படியல்லாத கல்லூரியில் படித்தவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரியால் வருமானம் கூடியது. அது பொறியியலை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வு அல்ல. ஆனாலும், வசதியில்லாத வீட்டிலிருந்து வருபவருக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தால் விடவே கூடாது என்பேன்.

தரவரிசையைவிட முக்கியமாக ஒன்றைப் பாருங்கள்: சேரப்போகும் படிப்புக்கு 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின் (ஒரு நாட்டின் பொறியியல் படிப்பு அங்கீகாரத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் ஒப்பந்தம்) கீழ் அங்கீகாரம் உண்டா? கல்லூரிக்கு மட்டும் இருந்தால் போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கே இருக்க வேண்டும். பின்னாளில் அந்த உடன்படிக்கையில் உள்ள வேறு நாட்டில் பொறியாளராகப் பதிவுசெய்யப் போனால் அது உதவும்.