உங்களுக்கு மிகவும் பிடித்த போர் விமானம் எது? ஏன்?

நேட். பிரிட்டனின் ஃபோலண்ட் நிறுவனம் வடிவமைத்தது, பெங்களூரு ஹெச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் பெற்றுத் தயாரித்தது. ஒற்றை இருக்கைப் போர் விமானம். விமானப் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ரஃபேல், சுகோய், மிக்-21 என்றுதான் போகும். அவையெல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் நேட்தான். கையில் காசு இல்லாத ஒரு நாடு தன் நிலைமைக்கு ஏற்ற விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. அதன் கோளாறுகளையும் சேர்த்துச் சுமந்தது. இரண்டு போர்களில் அதை வைத்துத் தாக்குப்பிடித்தது. அந்தக் கதையில் விமானிக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு வரைபட மேஜையில் உட்கார்ந்தவருக்கும் தரையில் நின்று பழுது பார்த்தவருக்கும் உண்டு என்று நினைக்கிறேன்.

வரைந்தவர் பெயர் டெடி பெட்டர். நம் விமானப்படை 2007 வரை ஓட்டிய கேன்பரா குண்டுவீச்சு விமானமும் அவர் வடிவமைத்ததுதான். 1950களின் தொடக்கத்தில் போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போயின. கூடுதல் கருவி வைத்தால் எடை கூடும், எடை கூடினால் பெரிய என்ஜின் வேண்டும், பெரிய என்ஜினுக்கு அதிக எரிபொருள், அதைச் சுமக்கப் பெரிய இறக்கை. இந்தச் சுழலில் சிக்கினால் கடைசியில் சின்ன நாடு எதுவும் விமானமே வாங்க முடியாது என்று பெட்டர் வாதிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய நிறுவனத்தை விட்டு ஃபோலண்டுக்கு வந்து, அரசாங்கப் பணம் இல்லாமல் நிறுவனத்தின் சொந்தச் செலவிலேயே வேலையைத் தொடங்கினார். முன்னோடியான மிட்ஜ் 1954 ஆகஸ்டில் பறந்தது. முழு நேட் 1955 ஜூலையில் பறந்தது.

அளவைச் சொன்னால்தான் புரியும். இறக்கை நுனிக்கு நுனி 22 அடி. நீளம் 30 அடிக்கும் குறைவு, அதாவது நம் ஊர் டவுன் பஸ்ஸைவிடச் சின்னது. வெற்று எடை 2 டன்னுக்குச் சற்று மேல். அதே காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானமான ஹண்டர் 6 டன்னுக்கு மேல் இருந்தது.

டெல்லியின் பாலம் என்ற பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு நேட்டைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மற்ற விமானங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து இதன் முன் நின்றால், கண் நேராக விமானி அறையின் ஓரத்துக்குப் போகிறது. காற்று உள்ளே போகும் வாயின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. ஏடன் பீரங்கி. சக்கரங்கள் இறக்கையில் இல்லை, உடலிலேயே மடங்கிக்கொள்ளும். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அங்கேதான் இருக்கிறது. இந்த விமானத்துக்குத் தனியாக ஏர் பிரேக் கிடையாது. பறக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சக்கரங்களைக் கொஞ்சம் இறக்க வேண்டும், சக்கரக் கதவுகளே காற்றைத் தடுக்கும். ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை. பெட்டரின் மூளை எப்படி ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் விமானப்படை இதைப் போர் விமானமாக வாங்கவில்லை. பின்லாந்து 13 விமானங்கள் வாங்கியது. அந்த நாட்டில் முதன்முதலாக ஒலியின் வேகத்தைத் தாண்டியதும் 1958-ல் ஒரு நேட்டில்தான். மனதார ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. 1956-ல் ஒப்பந்தம், அப்புறம் பெங்களூரில் தயாரிப்பு. விலை குறைவு, செய்வதற்கு ஆகும் மனித உழைப்பும் குறைவு, நம் ஆட்களே செய்யலாம். அன்றைய இந்தியாவுக்கு இதைவிடப் பொருத்தமான பேரம் எதுவும் இருந்திருக்காது.

1965 போரில் எதிரே நின்றது அமெரிக்கத் தயாரிப்பான சேபர். கொரியப் போரில் பெயர் வாங்கியது, ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் கொண்டது, சிலவற்றில் சைட்வைண்டர் ஏவுகணையும் உண்டு. நேட்டில் ஏவுகணை எதுவும் கிடையாது. ஆனால் அன்றைய வான்சண்டை பெரும்பாலும் கண்ணை நம்பி நடந்தது. முதலில் யார் யாரைப் பார்க்கிறார்களோ அவர்கள் கைதான் மேலே. நேட்டைப் பார்ப்பதே கஷ்டம். பார்த்துத் திரும்புவதற்குள் அது செங்குத்தாக மேலே ஏறிவிடும். செப்டம்பர் 3 அன்று ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டதற்காக வீர் சக்ரா பெற்றார். சில நாளில் அவர் சகோதரர் டென்சில் கீலரும் வீர் சக்ரா பெற்றார். ‘சேபர் ஸ்லேயர்’, அதாவது சேபரைக் கொல்பவன் என்று நேட்டுக்குப் பட்டப்பெயர் அப்போது வந்ததுதான்.

இந்த இடத்தில் நேர்மையாக இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ட்ரெவர் கீலர் சுட்ட சேபர் பலத்த சேதத்தோடு தளத்துக்குத் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பின் பதிவு. அதே செப்டம்பர் 3 அன்று நம் நேட் ஒன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கிப் பிடிபட்டது. இன்றும் அது கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இவற்றைச் சொல்வதால் நேட்டின் பெருமை குறைந்துவிடாது. ஒரு தரப்புக் கணக்கை மட்டும் படித்துவிட்டு வாதாடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, தரைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், கோவைப் பக்கத்துக்காரர். விமானப்படையில் ஆர்மமெண்ட் ஃபிட்டராக, அதாவது ஆயுதங்களைப் பொருத்திப் பராமரிப்பவராக, நேட்டில் வேலை பார்த்தவர். நான் ‘ஐயா’ என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் ‘கண்ணு’. போர்க் கதை கேட்டால் அவருக்குப் பேச்சு வராது. வேலையைப் பற்றிக் கேட்டால் நிறுத்த மாட்டார். “ஏணி வேண்டாம் கண்ணு, அது வசதி. ஆனா நிமிந்து நின்னு செய்யற வேலைன்னு ஒண்ணு கிடையாது. எல்லாம் குனிஞ்சும் மல்லாந்தும்தான்” என்பார். குண்டுப் பட்டையை அந்தக் குறுகலான இடத்தில் மடிப்பு விழாமல் அடுக்குவதை இரண்டு கையாலும் காற்றில் செய்து காட்டுவார். ஒரு கண்ணி கொஞ்சம் பிசகினாலும் மேலே போய்ப் பீரங்கி சிக்கிக்கொள்ளும். எதிரி விமானம் குறியில் இருக்கும்போது விசையை அழுத்தினால் இரண்டு குண்டோடு நின்றுவிடும். நேட்டின் பீரங்கி சிக்கிக்கொள்ளும் பழக்கம் புத்தகங்களிலும் பதிவாகியிருக்கிறது, ஆனால் அவர் அதைத் தன் கையின் மீது விழுந்த பழியாகவே பேசுவார். “வண்டி வந்து நின்னதும் பைலட் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டோம். பீரங்கி வாய் கரி புடிச்சிருக்கான்னுதான் பாப்போம்.”

அவர் போன்றவர்களின் வேலை பலன் கொடுத்த நாள் என்று நான் நினைப்பது 1971 நவம்பர் 22. முறைப்படி போர் அறிவிக்கப்பட இன்னும் பதினொரு நாள் இருந்தது. இன்றைய வங்கதேச எல்லையில் போய்ரா பகுதியில் தரைச்சண்டை நடந்துகொண்டிருந்தது, பாகிஸ்தானின் சேபர்கள் வந்து வந்து தாக்கின. பிற்பகலில் கொல்கத்தா டம்டம் தளத்திலிருந்து 22-வது ஸ்குவாட்ரனின் (விமானப் பிரிவின்) நான்கு நேட்கள் ‘ஸ்கிராம்பிள்’ ஆயின, அதாவது உத்தரவு வந்ததும் அவசரமாகக் கிளம்பின. ஓட்டியவர்கள் ராய் மாஸி, சோரஸ், கணபதி, டொனால்ட் லாசரஸ். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கணபதி ரேடியோவில் ‘மர்டர், மர்டர், மர்டர்’ என்று சொன்னார். வீழ்த்திவிட்டேன் என்பதற்கான சங்கேதம் அது. இந்தியக் கணக்கில் மூன்று சேபர்கள், பாகிஸ்தான் கணக்கில் இரண்டு, மூன்றாவது அடிபட்டுத் திரும்பியது. நம் நான்கு விமானங்களும் பத்திரமாக இறங்கின.

பாராசூட்டில் குதித்த இரண்டு பாகிஸ்தான் விமானிகள் இந்தியத் தரைப்படையிடம் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. ஆத்திரத்தில் இருந்த வீரர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றியவர் 4-வது சீக்கியப் படைப்பிரிவின் கேப்டன் பனாக். குரேஷி ஊர் திரும்பி, 1997-ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியாகவே ஆனார். அப்போது லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. ஓய்வுக்குப் பிறகு லாசரஸ் குடியேறிய இடம் நம் குன்னூர். நேட் பற்றிய கதைகளில் நான் அதிகம் பேருக்குச் சொன்னது இதைத்தான்.

அதே 1971, டிசம்பர் 14, ஸ்ரீநகர். இதை எழுதாமல் நேட்டைப் பற்றி எழுத முடியாது. போர் நிறுத்த உடன்பாட்டின்படி அங்கே அதுவரை போர் விமானங்கள் நிறுத்தப்பட்டதில்லை, எனவே 18-வது ஸ்குவாட்ரன் விமானிகளுக்கு அந்த மலைகளும் குளிரும் புதிது. ஆறு சேபர்கள் ஓடுதளத்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே நிர்மல்ஜித் சிங் செகோன் தன் நேட்டைக் கிளப்பினார். மரத்தின் உயரத்தில் தனி ஆளாக நின்று சண்டை போட்டார். கடைசியில் அடிபட்டு விழுந்தார். பரம் வீர் சக்ரா அளிக்கப்பட்டது. இந்திய விமானப்படையில் அந்த விருது பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். அன்று அவரோடு மோதிய பாகிஸ்தான் விமானியும் பின்னாளில் அவர் திறமையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

நேட்டுக்காகக் கொடுத்த விலை போரோடு முடியவில்லை. வால் இறக்கையை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு அதன் பெரிய பலவீனம். அது கைவிட்டால் விமானி சில நொடிகளில் வரிசை பிசகாமல் பல வேலைகளைச் செய்து கைமுறைக்கு மாற வேண்டும். தரைக்குப் பக்கத்தில் அந்தச் சில நொடிகள் கிடைக்காது. விபத்துகளில் பல இளம் விமானிகளை இழந்தோம். ஹெச்.ஏ.எல். பொறியாளர்கள் இந்தக் குறைகளைச் சரிசெய்ய முயன்று, எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்துச் செய்த மேம்பட்ட வடிவம்தான் அஜீத். அது 1991 வரை பறந்தது. இரவல் வடிவத்தை வாங்கி, அதில் அடிபட்டுக் கற்று, நம் கையால் திருத்திய இந்த அனுபவத்துக்கு நம் விமானத் துறை வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் எண்ணம்.

பெட்டர் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. 1959-ல் ஃபோலண்ட் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனதும் விமானத் துறையையே விட்டு விலகி, சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு வாழப் போய்விட்டார். 1968-ல் இறந்தார். ஆனால் அவருடைய இரட்டை இருக்கை நேட்டில்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965-ல் பிறந்தது, 1979 வரை அதிலேயே பறந்தது.

கோவைக்காரர்களுக்கு ஒரு சேதி. செகோனின் அதே 18-வது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களோடு மீண்டும் அமைக்கப்பட்டது சூலூரில். அதன் பிறகு சில ஆண்டுகள் உங்கள் தலைக்கு மேல் போனது அந்தப் பிரிவாக இருந்திருக்கலாம். தேஜஸும் சின்ன விமானம்தான், ஆனாலும் நேட்டைவிட நாலு மீட்டருக்கு மேல் நீளம். தளத்தைச் சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள், அது சட்டப்படி தவறு.

இன்னொரு வேண்டுகோள். தமிழ்நாட்டிலிருந்து ஏராளமானோர் ஏர்மேனாக (அதிகாரி அல்லாத விமானப்படை வீரராக) சேர்ந்து, தாம்பரத்திலும் ஜாலஹள்ளியிலும் பயிற்சி பெற்று, நேட்டிலும் ஹண்டரிலும் கேன்பராவிலும் வேலை பார்த்தார்கள். விமானிகளைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. இவர்கள் சொன்னதை எழுதி வைத்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால் கேட்டு இங்கே எழுதுங்கள். எந்த ஸ்குவாட்ரன், எந்த டிரேட் (தொழில் பிரிவு), எந்த வருஷம் என்ற மூன்றையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.