பழைய ஜிஆர்இ மதிப்பெண் போதுமா, மறுபடி எழுத வேண்டுமா?

நான்கு வருடத்துக்கு முன் எழுதிய ஜிஆர்இ-யில் (மேற்படிப்புச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) கணிதத்தில் 149 வந்தது, அமெரிக்காவில் மருத்துவ உளவியல் பிஎச்டிக்கு அது செல்லுமா, ஜிஆர்இ-யின் தனி உளவியல் பாடத் தேர்வும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். ஆனால் பணம் கட்டி மறுபடி எழுதும் முன், உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பொறுமையாகப் படியுங்கள். 2020-க்குப் பிறகு நிறையத் துறைகள் இந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டன. ‘தேவையில்லை’, ‘விரும்பினால் அனுப்பலாம்’, ‘அனுப்பினாலும் பார்க்க மாட்டோம்’ என்று மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒன்றல்ல. ஒரே பல்கலைக்கழகத்தில்கூட துறைக்குத் துறை மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். அதனால் பழைய பட்டியல்களை நம்பாதீர்கள்.

விரும்பினால் அனுப்பலாம் என்கிற இடங்களுக்கு 149-ஐ அனுப்பாமல் விடுங்கள். புள்ளியியல் அதிகம் உள்ள படிப்பு இது, அந்தக் குறைவான எண் உங்களுக்கு உதவாது. கட்டாயம் என்கிற துறை இரண்டு மூன்று இருந்தால் மறுபடி எழுதுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, முன்பு போல அலுப்பில்லை.

பாடத் தேர்வைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இளங்கலையில் வேறு பாடம் படித்தவருக்கு அது கைகொடுக்கும். நீங்கள் உளவியலே படித்தவர், விட்டுவிடலாம். அப்புறம், டோஃபல் என்கிற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், தேதியைப் பாருங்கள்.

மிச்சமாகும் நேரத்தை ஆய்வு அனுபவத்துக்கும், எந்தப் பேராசிரியரிடம் சேர விரும்புகிறீர்களோ அவருடைய கட்டுரைகளைப் படிப்பதற்கும் கொடுங்கள்.