மத ஆய்வில் 'உள்பார்வை', 'வெளிப்பார்வை' என்றால் என்ன?

ஒரு மதத்தைக் கடைப்பிடிப்பவர் அதைப் பற்றிச் சொல்வது உள்பார்வை. ஆய்வாளர் விலகி நின்று, மற்ற மதங்களோடும் ஒப்பிட்டுச் சொல்வது வெளிப்பார்வை. 1954இல் மொழியியலாளர் கென்னத் பைக் இவற்றுக்கு 'எமிக்', 'எட்டிக்' என்று பெயர் வைத்தார்.

மலேசியாவின் பத்துமலைத் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 272 படி ஏறும் பக்தரிடம் கேட்டால், "பிள்ளைக்கு உடம்பு சரியாகணும்னு வேண்டிக்கிட்டேன், முருகன் கொடுத்தான்" என்பார். ஆய்வாளரோ, புலம்பெயர்ந்த தமிழர்கள் தங்களை ஒரு சமூகமாகக் காட்டிக்கொள்ளும் நாள் என்று எழுதுவார். இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஒன்று சரியென்றால் மற்றது தப்பாகிவிடாது.

ஏன் இரண்டும் வேண்டும்? நம் வீட்டு வாசனை நமக்குத் தெரியாது, விருந்தாளிக்குச் சட்டென்று தெரியும். ஆனால் பூஜை அறையில் அந்தப் பழைய வேல் ஏன் இருக்கிறது என்று வீட்டுக்காரரைத்தான் கேட்கவேண்டும்.

இரண்டையும் பிரிக்கும் கோடும் அவ்வளவு நேரானதல்ல. பினாங்கில் காவடி எடுக்கும் சீனர்களை எந்தப் பக்கம் வைப்பது? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது என்பேன்.

அப்புறம், வெளிப்பார்வை என்றால் நாத்திகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முருகன் இருக்கிறாரா இல்லையா என்று ஆய்வில் தீர்ப்புச் சொல்லாத அதே ஆள், மாலையில் கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கலாம்.