பசை படாமலே கண்ணாடி வெளுப்பது ஏன்?

கேள்வி: 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் விமான மாடல் ஒன்றைச் செய்தேன். விமானி அறையின் கண்ணாடி மூடியை இரண்டு மூலைகளில் மட்டும் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிறது. என் கைரேகைகூடத் தெரிகிறது. காப்பாற்ற முடியுமா? இனி எதை வைத்து ஒட்டுவது?

பதில்: கைரேகை தெரிகிறது என்று எழுதினீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். இறுகும்போது அதில் கொஞ்சம் ஆவியாகக் கிளம்பி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பக்கத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் மிச்சம் இருப்பதால் அங்கே இன்னும் நன்றாகப் பிடிக்கும். தடயவியல்காரர்கள் கைரேகையை வெளிக்கொண்டுவர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் வைத்தது இரண்டே துளி என்றாலும், மூடிய சின்ன அறைக்குள் ஆவி வேறெங்கே போகும்? உள்ளே இருக்கையையோ விமானியையோ சூப்பர் க்ளூவால் ஒட்டிவிட்டு உடனே மூடினாலும் இதே கதிதான். ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.

இப்போது மூடியைக் கழற்றத்தான் வேண்டும். அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி பக்கம் போகவே வேண்டாம். அவை பசையைக் கரைக்கும், ஆனால் மூடியும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்தான், அதையும் சேர்த்துக் கரைத்துவிடும். இறுகிய சூப்பர் க்ளூ நொறுங்கும் குணமுள்ளது. மாடலை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் எளிதில் விடும். பிறகு மெல்லிய பிளேடை மூலையில் நுழைத்து, நெம்பாமல், மெதுவாகத் தள்ளுங்கள். நிறமற்ற பிளாஸ்டிக் மற்ற பாகங்களைவிடச் சட்டென்று விரிசல் விடும், அவசரம் ஆகாது.

கழன்றதும் வெள்ளைப் படிவை மெல்லிய பருத்தித் துணியில் கொஞ்சம் பற்பசை எடுத்துத் தேயுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பளபளப்பான நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுங்கள். கீழ் விளிம்பை டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி, தூசி விழாமல் ஒரு டப்பாவால் மூடி ஒரு நாள் விட்டுவிடுங்கள். நுண்ணிய கீறல்களை அந்த வார்னிஷ் நிரப்பிவிடுவதால் பழைய தெளிவு பெரும்பாலும் திரும்பிவிடும்.

சரி, ஒட்டுவதற்கு? வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், ஆவியும் கிடையாது. பலம் குறைவுதான், ஆனால் அந்த மூடி எந்தச் சுமையையும் தாங்கப் போவதில்லையே! முதலில் ஒரு துளியைப் பிளாஸ்டிக் துண்டில் காயவைத்துப் பாருங்கள், மங்கலாகக் காய்ந்தால் வேறு வாங்குங்கள். பல்குச்சி நுனியால் விமான உடலின் விளிம்பில் மெல்லிய கோடாகப் பசையிட்டு மூடியை வையுங்கள். பிதுங்கி வருவதை ஈரமான பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு, மாஸ்கிங் டேப்பால் பிடித்து இரவு முழுக்க விடுங்கள். சின்ன இடைவெளி இருந்தால் அதே பசையே நிரப்பிவிடும். கோணலாகிவிட்டதா? தண்ணீர் தொட்டு இளக்கிக் கழற்றி மறுபடி ஒட்டலாம். எனக்கு இந்தப் பசை பிடித்துப்போனதே இதற்காகத்தான். ஆனால் ஒட்டிய பிறகு அந்த இணைப்பை நீர் விட்டுத் தேய்க்காதீர்கள்.

டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த சிமெண்டை, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் மாடல் பசையை, இங்கே நான் பயன்படுத்துவதில்லை. அது விளிம்பு வழியாகத் தானாகவே ஓடி, பட்ட இடத்தையெல்லாம் உருக்கும்.

மூடியைத் திறந்த நிலையில் நிறுத்த வேண்டுமென்றால் மட்டும் ஃபெவிகால் தாங்காது. அதற்கு ஐந்து நிமிட எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் பசை), குண்டூசி நுனியளவு போதும். அந்த இடத்தை, மூடியின் சட்டத்தில் பூசும் வண்ணம் மறைத்துவிடும்.