பைக் நிறுத்தும் அறைக்கு எந்தத் தரை? கேள்வி பதில்

வீட்டில் பைக்குகளை நிறுத்தவும் பழுதுபார்க்கவும் தனி அறை வைத்திருப்பவர்கள், அதன் தரையைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இரண்டு பைக்குகளுக்காகப் புதிய அறை கட்டுகிறோம். வெறும் சிமென்ட் தரை, டைல்ஸ், எபாக்ஸி (பிசினையும் அதை இறுகச் செய்யும் திரவத்தையும் கலந்து அடிக்கும் பூச்சு) ஆகிய மூன்றில் எது நீடித்து உழைக்கும்?

மேலே எதைப் போட்டாலும் அதன் ஆயுள் அடியிலுள்ள கான்கிரீட்டின் கையில்தான் இருக்கிறது. மண்ணை நன்றாகக் கெட்டித்து, ஈரம் மேலேறாதபடி கனமான பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்பி, அதன்மேல் 100 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் போடுங்கள். ஏறத்தாழ 3 மீட்டருக்கு ஒன்றாக வெட்டு இணைப்பு, அதாவது கான்கிரீட்டின் மேற்பரப்பில் நேர்கோடாக அறுத்த பள்ளம், விட்டால், வரவேண்டிய விரிசல் அந்தக் கோட்டிலேயே வந்துவிடும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு அடிப்பதற்கு 28 நாளாவது பொறுக்க வேண்டும். வண்டியை நிறுத்துவது மட்டுமே நோக்கம் என்றால், இந்தத் தரையின்மீது சிலிகேட் கெட்டிப்படுத்தும் திரவத்தைத் தடவி, சிமென்ட் தூசி எழாமல் செய்தாலே போதும். அதற்குமேல் செலவு செய்வது பார்வைக்காக மட்டுமே. எஞ்சின் ஆயில் மாற்றுவது, செயினைக் கழுவுவது என்று வேலையும் அங்கேயே நடக்குமானால், ஆயில் உள்ளே இறங்காத எபாக்ஸியைத்தான் நான் சொல்வேன்.

கேள்வி: ஐயா, பழைய தரையில் நானே எபாக்ஸி அடித்தேன். ஓர் ஆண்டுக்குள் டயர் நிற்கும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு உரிந்து வந்துவிட்டது. தரமற்ற பூச்சை வாங்கிவிட்டேனா?

அப்படி முடிவு செய்வதற்கு முன், உரிந்த துண்டைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமென்ட் தூள் ஒட்டியிருந்தால் தரையின் மேல்தோல் வலுவற்றது. பூச்சு அதைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அடிப்பக்கம் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தால், வழுவழுப்பான தரையைப் பூச்சு பற்றவே இல்லை என்று பொருள். வெண்மையான உப்பு பூத்திருந்தால் கீழிருந்து ஈரம் தள்ளுகிறது.

டயர் நிற்கும் இடத்தில் முதலில் உரிவதற்குக் காரணம் உண்டு. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் மெல்லிய பூச்சு இளகும். ஆறும்போது டயர் சுருங்கிப் பூச்சைப் பிடித்து இழுக்கும். தண்ணீர் கலந்த மெல்லிய வகைகள் இதற்கு எளிதில் பலியாகின்றன. கரைப்பான் கலக்காத, கனமாகப் படியும் இரு பாகப் பூச்சு தாங்கும். அதுவும் வண்டி ஏற்றுவதற்கு முன் ஏறத்தாழ ஒரு வாரம் இறுக வேண்டும். மறுநாளே நடக்க முடிகிறதே என்று வண்டியை ஏற்றிவிடுவதுதான் வழக்கமான தவறு.

மறுபடி அடிப்பதற்கு முன் ஈரத்தைச் சோதித்துவிடுங்கள். 45 சென்டிமீட்டர் சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுப் பிரியுங்கள். தாளின் அடியில் நீர் முத்துகளோ, தரையில் கருமையோ தெரிந்தால் அங்கே சாதாரண எபாக்ஸி நிற்காது. ஈரம் இல்லையென்றால், ஆயில் கறையை அதற்குரிய கழுவு திரவத்தால் போக்கிவிட்டு, தரையை மெஷினால் அரைத்துச் சொரசொரப்பாக்குங்கள். ஆசிட் ஊற்றினால் ஆயில் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள், போகாது. அரைக்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கு என்பதால், தூசி உறிஞ்சும் மெஷினும் முகக்கவசமும் கட்டாயம். கடைசியாகச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உருண்டு நின்றால் தரை இன்னும் தயாராகவில்லை, உடனே உறிஞ்சினால் அடிக்கலாம்.

கேள்வி: சைடு ஸ்டாண்டு நிற்கும் இடத்தில் டைல்ஸ் உடைந்துவிட்டது. டைல்ஸே கூடாதா?

டைல்ஸின்மேல் பழிபோடுவதற்கு முன், உடையாத டைல்ஸ்களை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்கும் இடங்களில் அடியில் கலவை இல்லை. நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவையை அப்பி ஒட்டுவது சுவருக்கே சரியில்லாத முறை. வண்டி ஏறும் தரைக்கு அடி முழுவதும் கலவை நிரம்பியிருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு வண்டி எடையின் ஒரு பங்கைத்தான் தாங்குகிறது என்றாலும், அந்தப் பங்கு தீப்பெட்டி அளவுள்ள இரும்பின்மீது இறங்குகிறது. எந்தத் தரையானாலும் ஸ்டாண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தடித்த தகட்டை வையுங்கள். நன்றாக ஒட்டிய டைல்ஸும்கூட, கைதவறி விழும் கனமான ஸ்பேனருக்குச் சில்லு பெயரும்.

கேள்வி: பிவிசி விரிப்பில் டயர் நின்ற இடம் பழுப்பாகிவிட்டது. எதைத் தேய்த்தால் போகும்?

போகாது. டயர் ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருள் பிவிசிக்குள் இறங்கியிருக்கிறது. கறுப்பு விரிப்பாக மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் சிந்தினால் எபாக்ஸி தாங்குமா?

டாட் 3, டாட் 4 வகைகள் பெயின்டையே இளக்கிவிடும். எபாக்ஸியில் நீண்ட நேரம் தேங்கினால் அதையும் கெடுக்கும். உடனே துடைத்துத் தண்ணீரால் கழுவிவிட்டால் பெரும்பாலும் சேதம் இராது. பேட்டரி ஆசிட் வெறும் கான்கிரீட்டையே அரித்துவிடும் என்பதால், பேட்டரியைப் பிளாஸ்டிக் தட்டில் வைத்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: மழையில் நனைந்து வரும் வண்டியின் தண்ணீர் வடிய எவ்வளவு வாட்டம் வேண்டும்? வழுக்காமல் இருக்க என்ன செய்வது?

மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் போதும்; வாட்டம் கதவை நோக்கி இருக்கட்டும். வழுக்காமலிருக்க, பூச்சு ஈரமாக இருக்கும்போதே குவார்ட்ஸ் மணலைத் தூவி, அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். மணல் மிகப் பருமனாக இருந்தால் துடைக்கவே முடியாது, கீழே படுத்து வேலை செய்பவரின் முழங்கையும் சிராய்க்கும். வாட்டம் வண்டிக்குக் குறுக்காக அமைந்துவிடாமல் பாருங்கள். ஸ்டாண்டு இருக்கும் இடப்பக்கம் மேடானால் வண்டி நிமிர்ந்து நின்று, லேசாக இடித்தாலே வலப்பக்கம் சாய்ந்துவிடும். முன்சக்கரம் மேட்டை நோக்கி இருக்கும்படி நிறுத்தி, முதல் கியரில் போட்டுவிட்டால் வண்டி ஸ்டாண்டைவிட்டு உருளாது.