டோனி வில்லியம்ஸை ஏன் இவ்வளவு பெரிய ஜாஸ் டிரம்மர் என்கிறார்கள்?

அவர் வயதிலிருந்தே தொடங்கலாம். 1945-இல் சிகாகோவில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்தவர். டிரம்ஸ் ஆசிரியர் ஆலன் டாசனிடம் பாடம். 1963-இல் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் குழுவில் சேர்ந்தபோது வயது 17. மது விற்கும் கிளப்புகளில் வாசிக்கச் சட்டப்படி வயதே ஆகவில்லை.

ஆனால் 'சின்னப் பையன் அபாரமாக வாசித்தான்' என்பதோடு விஷயம் முடியவில்லை. அதுவரை டிரம்மரின் முதல் வேலை தாளத்தைக் காப்பது: வலக்கை ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் ஓடும், இடக்கால் ஹை-ஹேட்டை (மிதித்தால் மூடும் ஜோடித் தட்டு) நான்கு அடித் தாளத்தின் 2, 4-ஆம் அடிகளில் மூடும். டோனி அந்தக் காலை அவிழ்த்துவிட்டார். சில சமயம் நான்கு அடியிலும் மிதிப்பார், சில சமயம் சும்மா விட்டுவிடுவார். தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருக்காமல், பாட்டு நடக்கும்போதே மற்றவர்களோடு வாதாடுவார். மைல்ஸ் குழு 1967-இல் பதிவு செய்த 'நெஃபர்டீட்டி'யைக் கேளுங்கள். ஊதுகருவிகள் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அடியில் அவர்தான் கதை சொல்கிறார். என் கணக்கில் அதுவே அவருடைய உச்சம்.

1969-இல் மைல்ஸ் குழுவிலிருந்து விலகி, கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின், ஆர்கனில் லாரி யங் ஆகியோரோடு 'லைஃப்டைம்' குழுவைத் தொடங்கினார். (இதே மெக்லாஃப்லின்தான் பின்னர் நம் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' குழுவில் வாசித்தவர்.) ராக் சத்தத்தோடு ஜாஸ், விற்பனை சுமார்தான். ஆனாலும் இப்படி ஜாஸையும் ராக்கையும் கலக்கும் ஃப்யூஷன் இசையின் டிரம்மர்கள் பலரும் அங்கிருந்துதான் கற்றார்கள்.

80-களில் சொந்தமாக இசையமைத்து மீண்டும் ஒரு குவின்டெட் (ஐவர் குழு) நடத்தினார். 1997-இல் பித்தப்பை அறுவைக்குப் பின் மாரடைப்பில் இறந்தார், வயது 51.